உப்பைக் கண்டதும் மண் விடுவது

(கோலசிலாங்கூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியமும் சமயமும் கேட்டுப் பழகிய அவை இது. வேதியியல் என்றதும் பின்வரிசையில் இரண்டொருவர் கைப்பேசியை எடுத்ததைக் கவனித்தேன், பாதகமில்லை. பேரியம் என்ற பெயரை எக்ஸ்ரே எடுக்கப் போன இடத்தில் கேட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். வெள்ளையாக, கெட்டியாக, ருசியே இல்லாமல் ஒன்றைக் குடிக்கக் கொடுத்து வயிற்றைப் படம் பிடிப்பார்கள். அது பேரியம் சல்பேட். அதே தனிமம் நம் ஆற்றிலும் இருக்கிறது, அது போய்ச் சேரும் கடலிலும் இருக்கிறது. மிக மிகக் கொஞ்சமாக இருக்கிறது. அந்தக் கொஞ்சம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

எளிய கணக்கு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆற்றுநீர் ஒரு லிட்டர், கடல்நீர் ஒரு லிட்டர் எடுத்துக் கலக்குங்கள். ஆற்றுநீரில் உப்பு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கலவையில் கடலின் உப்பில் பாதி இருக்கும். குளோரைடை அளந்து பார்த்தால் இந்தக் கணக்கு பிசகாமல் வரும். பேரியத்தை அளந்தால் பிசகும். சேறு கலங்கிய ஆற்றுநீரை வடிகட்டாமல் கடல்நீரோடு கலந்தால், கரைந்திருக்கும் பேரியம் சராசரியைவிடக் கூடுதலாக வருகிறது. சில ஆறுகளில் ஆற்றுநீரில் இருந்ததையும் மிஞ்சி, கடல்நீரில் இருந்ததையும் மிஞ்சி நிற்கிறது. இரண்டு பாத்திரத்திலும் இல்லாதது கலவையில் எப்படி வந்தது?

1977இல் ஹேனர், சான் என்ற இரு ஆய்வாளர்கள் மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் இடத்தில் இதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஜான் எட்மண்ட் குழுவினர் காங்கோ ஆற்றின் முகத்துவாரத்தில் அதையே கண்டார்கள். 1990களில் கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கக் கடலில் கலக்கும் இடத்திலும் அதுவே தெரிந்தது. மூன்று கண்டங்கள், மூன்று வகை ஆறுகள், ஒரே விடை. கூடுதல் பேரியம் நீரிலிருந்து வரவில்லை. சேற்றிலிருந்து வருகிறது.

களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டு. நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். மலையிலிருந்து இறங்கும் நன்னீரில் அயனிகள் குறைவு. பேரியம் இரண்டு மின்னேற்றம் கொண்டது, களிமண்ணோடு இறுகப் பற்றுவது. ஆகவே ஆறு நெடுகிலும் அது துகளின் மீது உட்கார்ந்தே வருகிறது. முகத்துவாரத்தில் கடல்நீர் ஏறும்போது சோடியமும் மெக்னீசியமும் கால்சியமும் கோடிக்கணக்கில் வந்து நெருக்குகின்றன. பழைய தோட்ட லாரியில் முதலில் ஏறி ஓரத்தில் வசதியாக உட்கார்ந்தவர், அடுத்தடுத்த லயத்தில் கூட்டம் ஏற ஏற எப்படி இடத்தை விட்டு எழுந்து நிற்க நேருமோ, அப்படிப் பேரியம் களிமண்ணை விட்டு நீருக்குள் இறங்குகிறது. இதற்கு முழுக் கடல் உப்புகூடத் தேவையில்லை. உப்பு லேசாகத் தட்டுப்படும் இடத்திலேயே பெரும்பகுதி கழன்றுவிடும்.

இதிலிருந்து ஒரு நடைமுறைச் சிக்கல் பிறக்கிறது. இந்தச் சொற்பொழிவில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அதைத்தான். ஆறு கடலுக்கு எவ்வளவு பேரியம் கொடுக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் பலரும் செய்வது என்ன? உப்பு எட்டாத இடத்தில், ஒரு பாலத்தின் மேல் நின்று, வாளி இறக்கி நீர் எடுத்து, வடிகட்டி, அளப்பார்கள். ஓராண்டு நீரோட்டத்தால் பெருக்குவார்கள். வடிதாளில் தங்கிய சேறு குப்பைக்குப் போகும். கடலுக்குக் கிடைக்கப்போகும் பேரியத்தில் ஒரு நல்ல பங்கு அந்த வடிதாளில்தான் இருந்தது. கணக்கு போடப்பட்ட இடமே தவறு. ஆற்றின் கடைசிப் பத்து, இருபது கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆற்றைப் பற்றி எழுதப்படும் கடல் வேதியியலை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிக்கிறேன்.

நம் சிலாங்கூர் ஆற்றுக்கு வருவோம். ஃபிரேசர் மலைப் பக்கத்துச் சரிவுகளில் தோன்றி, கோலகுபு பாரு, ராசா, பத்தாங் காலி வட்டாரத்து ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு, பெஸ்தாரி ஜெயா வழியாக இங்கே வந்து கடலைத் தொடுகிறது. அதன் தலைமாட்டில் இருப்பது தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல். கருங்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உண்டு. அதில் பொட்டாசியம் உட்கார வேண்டிய இடத்தில் ஆங்காங்கே பேரியம் உட்கார்ந்திருக்கும். இரண்டின் அயனிகளும் ஏறக்குறைய ஒரே பருமன். வெள்ளீயத்துக்குப் பெயர்போன நம் மலைநாட்டின் மழையும் வெப்பமும் அந்தக் கல்லை அழுகவைத்துக் களிமண்ணாக்குகின்றன. பொட்டாசியம் கரைந்து ஓடுகிறது. பேரியத்தில் பெரும்பகுதி புதிதாகப் பிறந்த களிமண்ணிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஆகவே இந்த ஆற்றில் பேரியத்தைத் தேடுவதும் மண்ணரிப்பைத் தேடுவதும் ஒன்றுதான்.

மண்ணரிப்பு என்றால் இந்த ஆற்றுக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. கோலகுபு என்ற பழைய ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். 1883இல் ஊருக்கு மேலே இருந்த அணை உடைந்து பெருஞ்சேதம்; மாவட்ட நீதிபதியாக இருந்த ஆங்கிலேயர் சிசில் ரேங்கிங்கும் அந்த வெள்ளத்தில் இறந்தார். அந்த இடத்துக்கு அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை, என்றே பெயர் நின்றுவிட்டது. ஊர் மீண்டும் எழுந்தது. ஆனால் மேலே வெள்ளீயம் தோண்டுவோர் மலைச்சரிவுகளை நீரைப் பீய்ச்சிக் கரைத்து ஓடையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். காடும் அழிந்துகொண்டிருந்தது. வண்டல் ஆற்றுப்படுகையை மேலே மேலே உயர்த்தியது. ஆறு உயர, ஊர் தாழ்ந்தது. 1926இன் பெருவெள்ளத்தோடு பொறுமை தீர்ந்தது. நகரமைப்பாளர் சார்லஸ் ரீட் வரைந்த திட்டப்படி மேட்டு நிலத்தில் புதிய ஊர் அமைக்கப்பட்டு, 1930களின் தொடக்கத்தில் மக்கள் அங்கே குடியேறினார்கள். அதுதான் இன்றைய கோலகுபு பாரு. ஓர் ஊரையே இடம்பெயர்த்த வண்டல் அது. அதில் கனமான மணல் அங்கேயே தங்கிவிட்டது. நுண்ணிய களிமண் தங்காது. நீரோடு நீராக இங்கேவரை வந்து, இந்த உப்பில்தான் முடிவு கண்டது.

அடுத்தது தோட்டங்கள். 1905க்குப் பிந்தைய ரப்பர் காய்ச்சலில் வட சிலாங்கூரின் காடுகள் வேகவேகமாக வெட்டி எரிக்கப்பட்டன. அந்தக் காலத்துத் துரைமார்களுக்குப் பால் மரத்தடியில் ஒரு புல் தெரியக் கூடாது. மரத்துக்குப் போக வேண்டிய உரத்தைக் களை தின்றுவிடும் என்று நம்பினார்கள். நிரை நிரையாக மண்ணை வெறுமையாக்கும் அந்த முறைக்கு ஆங்கிலத்தில் சுத்தமான களையெடுப்பு என்ற நல்ல பெயர்கூட இருந்தது. வேலை செய்தது நம்மவர்கள், பெரும்பாலும் பெண்கள். விடியற்காலைப் பிரட்டுக்கு நின்று, மண்வெட்டியும் கையுமாகப் போய், பகல் முழுதும் குனிந்து அவர்கள் சுத்தப்படுத்திய மண், அடுத்த மழையில் சிவப்பாகக் கரைந்து ஓடையில் போனது. மேல்மண் போனதும் மரமும் நலிந்தது. இந்தப் புத்தி வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. 1920களிலும் 30களிலும் விவசாய இலாகாவும், 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும், மூடுபயிராகக் கொடிகளை வளர்க்கவும் வண்டல் குழிகள் வெட்டவும் சொல்லத் தொடங்கின. அதற்குள் எத்தனை மண் போயிருக்கும்!

செம்பனையின் கதையும் இந்த வட்டாரத்தில்தான் தொடங்குகிறது. பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகில் தென்னமரம் எஸ்டேட்டில் போட்டதுதான் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். பின்னர் அவர் எழுதிய மலேயா நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், ஒரு தலைமுறை மரம் சாய்ந்து மறுநடவு நடக்கும் ஒவ்வொரு முறையும், மண் சில காலம் வெயிலுக்கும் மழைக்கும் திறந்து கிடக்கிறது. பெஸ்தாரி ஜெயா பக்கம் போகும்போது சாலையோரம் தெரியும் குளங்கள் பழைய வெள்ளீயக் கப்பல்கள் தோண்டி விட்டவை. ஆற்றின் மேற்பகுதியில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய சிலாங்கூர் ஆற்று அணை, தன் பங்குக்கு வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே இந்த ஆற்றின் சேற்றுப் பாரம் நூறு ஆண்டுகளில் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. அதற்கேற்பப் பேரியமும்.

வடக்கே பெர்ணாம் ஆற்றுக்கும் தெங்கி ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் வேறு மாதிரி. அங்கே கிடப்பது வட சிலாங்கூர்க் கரிமண் சதுப்புக்காடு. ராஜா மூசா, சுங்கை காராங் ஒதுக்கக் காடுகள் சேர்ந்தது, எழுபதாயிரம் ஹெக்டேருக்கு மேல். அந்தக் கரிமண் மழைநீரை மட்டும் குடித்து வளர்ந்தது. அடியிலுள்ள தாதுமண்ணோடு அதற்கு அதிகத் தொடர்பில்லை. வழியும் நீர் தேநீர் நிறத்தில், அமிலமாக, தாதுக்கள் குறைந்து இருக்கும். அங்கே பேரியத்துக்குக் கல்லும் இல்லை, களிமண்ணும் இல்லை. ஒரே மாவட்டத்துக்குள் இப்படி இரண்டு வகை நீர் கிடைப்பது வேதியியல் படிப்பவருக்கு ஒரு கொடுப்பினை.

இனி முகத்துவாரம். மலாக்கா நீரிணையின் அலையேற்றம் நாளுக்கு இரண்டு முறை ஆற்றுக்குள் உப்பைத் தள்ளுகிறது. எதுவரை தள்ளும் என்பது மேலிருந்து வரும் நன்னீரைப் பொறுத்தது. 2010களின் தொடக்கத்தில் இந்த உவர்நீர் ஊடுருவலைச் சிலாங்கூர், பெர்ணாம், மூவார், எண்டாவ் உள்ளிட்ட மலேசிய ஆறுகளில் படகில் போய் அளந்திருக்கிறார்கள். இங்கே யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்போங் குவாந்தான் மின்மினிகள் குடியிருக்கும் பெரெம்பாங் மரம் உப்பு லேசாகத் தொட்டுப் போகும் கரையைத்தான் விரும்பும். அணை வந்தபோது நன்னீர் குறைந்தால் உப்பு மேலேறி மரத்தைக் கெடுக்குமோ என்று எழுந்த கவலை உங்களுக்கு நினைவிருக்கும். நன்னீர் குறைந்து உப்பு மேலேறினால் பேரியம் மண்ணை விட்டு இறங்கும் இடமும் மேலேறும். மின்மினி மரத்தின் எல்லையும் பேரியம் கழலும் எல்லையும் ஏறத்தாழ ஒரே நீர்ப்பரப்பில் வருகின்றன என்பதைச் சுற்றுலாப் படகுக்காரர்கள் தங்கள் விளக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கட்டணம் கேட்க மாட்டேன்.

ஆற்றுச் சேறு மட்டும்தான் மூலம் என்று நினைத்திருந்த காலத்தில் ஒரு திருப்பம் வந்தது. அமெரிக்காவின் வில்லர்ட் மூர் 1997இல் வெளியிட்ட கட்டுரை அது. கங்கை, பிரம்மபுத்திரா முகத்துவாரத்தில் வெள்ளம் வற்றிய பருவத்தில் அவர் பேரியத்தையும் ரேடியத்தையும் அளந்தார். இரண்டும் ஒரே குடும்பம். ஏறத்தாழ ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். ஆறு மெலிந்து சேறு குறைந்த நேரம். ஆகவே அளவுகளும் மெலிந்திருக்க வேண்டும். மெலியவில்லை, மிக அதிகமாக இருந்தன. ஆற்றைத் தவிர வேறு வாசல் ஒன்று திறந்திருக்கிறது, நிலத்தடி நீர் கரையோர மணலின் ஊடே நேராகக் கடலுக்குக் கசிகிறது என்று அவர் முடிவுகட்டினார். முதலில் பலர் ஏற்கவில்லை. இன்று உலகக் கடற்கரைகள் பலவற்றில் இந்தக் கசிவை அளந்து கடலின் வரவுக் கணக்கில் சேர்க்கிறார்கள்.

நம் கரையில் இந்த வாசல் அலையாத்திக் காட்டுச் சேற்றுக்குள் இருக்கிறது. இங்கே இயற்கைப் பூங்காவில் மரநடையில் போனவர்கள் நண்டு வளைகளையும், சேற்று இறால் தோண்டிக் குவித்த மேடுகளையும் பார்த்திருப்பீர்கள். ஏற்றத்தில் அந்தத் துளைகளில் கடல்நீர் நிறைகிறது. இறக்கத்தில் சேற்றுக்குள் ஊறிய நீர் வெளியே வடிகிறது. சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். அது சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும் பாக்டீரியாக்களின் வேலை. பேரியத்தைப் பூட்டி வைப்பதே சல்பேட்தான். அது போய்விட்டால் பூட்டியிருந்த பேரியம் திரும்பக் கரையும். மாங்கனீசு ஆக்சைடில் ஒட்டியிருந்ததும் காற்றில்லாத சேற்றில் விடுபடும். ஆகவே சேற்றிலிருந்து வடியும் நீர் வெறுங்கையோடு வருவதில்லை.

சரி, கரையைத் தாண்டிய பேரியம் எங்கே போகிறது? மலாக்கா நீரிணையின் நிகர நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி வடமேற்கு நோக்கியது. நம் ஆற்றின் பேரியம் பினாங்கைக் கடந்து அந்தமான் கடலுக்குள் போகிறது. அங்கிருந்து வங்கக் கடல். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நம் முன்னோரைக் கொண்டுவந்த கப்பல்கள் கடந்த அதே நீர்தான், எதிர்த்திசையில்.

திறந்த கடலின் மேற்பரப்பில் பேரியம் லிட்டருக்கு ஐந்து, ஆறு மைக்ரோகிராம். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றைக் கடல்நீரால் நிரப்பினால் அதில் மொத்தமாகப் பதினான்கு கிராம் அளவுக்குத்தான் இருக்கும். பசிபிக்கின் ஆழத்து நீரால் நிரப்பினால் ஐம்பது கிராம். மேலே குறைவு, கீழே அதிகம். யாரோ மேலிருந்து எடுத்துக் கீழே போடுகிறார்கள்.

யார்? 1972 முதல் 1978 வரை நடந்த ஜியோசெக்ஸ் என்ற பெரும் கடலாய்வில் உலகக் கடல்கள் நெடுக நீர் எடுத்து அளந்தபோது, பேரியம் சிலிக்காவோடு கைகோத்துப் போவது தெரிந்தது. சிலிக்கா எங்கே ஏறுகிறதோ அங்கே பேரியமும் ஏறுகிறது. சிலிக்காவைச் சுமப்பவை டயட்டம் என்ற கண்ணாடி ஓட்டு நுண்பாசிகள். அவையே பேரியத்தையும் சுமக்கின்றனவா என்றால், இல்லை. 1980இல் டெஹேர்ஸ், ஷெஸெலே, ஜெட்வாப் ஆகியோர் கடல்நீரை வடிகட்டி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, பேரியம் தனித்தனிப் பேரைட் படிகங்களாக, ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அளவில், நீரில் மிதப்பதைக் காட்டினார்கள். பேரைட் என்பது பேரியம் சல்பேட்டின் கனிம வடிவம். நீரைவிட நாலரை மடங்கு கனமானது.

வேதியியலாளர்களைத் தூங்கவிடாத கேள்வி இங்கேதான் வந்தது. கடல்நீரில் பெரும்பகுதி பேரைட்டுக்கு இன்னும் நிறைவடையவில்லை. அதாவது அந்த நீரில் பேரைட் படிகத்தைப் போட்டால் அது மெல்லக் கரைய வேண்டும், புதிதாகப் பிறக்கக் கூடாது. பிறகு படிகம் எப்படி வந்தது? விடை குப்பையில் இருந்தது. மேற்பரப்பில் செத்த பாசியும் விலங்குகளின் கழிவும் ஒட்டித் திரண்டு துகள்களாக இறங்குகின்றன. ஏறத்தாழ 200 முதல் 600 மீட்டர் ஆழத்தில் பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று சிதைக்கின்றன. அந்தத் துகளுக்குள், சுற்றியுள்ள நீரோடு கலக்காத சின்னஞ்சிறு இடத்தில், பேரியம் செறிந்து படிகமாகிவிடுகிறது. பாக்டீரியாக்கள் சுரக்கும் பசையும் அதிலுள்ள பாஸ்பேட்டும் பேரியத்தை முதலில் பிடித்துக்கொள்கின்றன என்று கிரனடாவின் மார்ட்டினெஸ் ருயிஸ் குழுவினரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. படிகம் பிறகு கீழே இறங்குகிறது. வழியிலும் கடலடியிலும் பெரும்பகுதி கரைந்து நீருக்குத் திரும்புகிறது. மீதி வண்டலில் புதைகிறது.

இதில் ஒரு பெரிய பயன் இருக்கிறது. எவ்வளவு பாசி செத்து விழுந்து அழுகுகிறதோ அவ்வளவு பேரைட். ஆகவே நடுக்கடல் ஆழத்திலுள்ள பேரைட்டைக் கொண்டு, மேற்பரப்பிலிருந்து எவ்வளவு கார்பன் கீழே இறங்கியது என்று மதிப்பிடுகிறார்கள். கடலடி வண்டலில் புதைந்ததைக் கொண்டு, பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடல் எவ்வளவு வளமாக இருந்தது என்று கேட்கிறார்கள். வங்கக் கடலில் பேரியம் உள்ளுக்குள் எப்படிச் சுழல்கிறது என்பதை அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் சிங் உள்ளிட்டோர் 2013இல் எழுதினார்கள். 2010இல் கடலில் இறங்கிய ஜியோடிரேசஸ் என்ற பன்னாட்டுத் திட்டம், இரும்பு, துத்தநாகம், ஈயம், பேரியம் என்று நுண்ணளவுத் தனிமங்களை எல்லாக் கடல்களிலும் தூய கருவிகளால் அளந்துவருகிறது. பேரியத்துக்கு ஏழு நிலையான ஓரிடத்தான்கள் உண்டு. பேரைட் உருவாகும்போது இலேசானவை சற்று அதிகமாகப் படிகத்துக்குள் போகின்றன. கனமானவை நீரில் மிஞ்சுகின்றன. உட்ஸ்ஹோல் கடலாய்வு நிலையத்தின் டிரிஸ்டன் ஹோர்னர் 2015இல் தென் அட்லாண்டிக்கில் இதைக் காட்டினார். ஆற்றிலிருந்து வந்தது எது, ஆழத்திலிருந்து திரும்ப ஏறி வந்தது எது என்று பிரித்துப் பார்க்க இது உதவும்.

ஒரு பேரியம் அணு கடலில் சராசரியாக எட்டாயிரம், பத்தாயிரம் ஆண்டு சுற்றிவிட்டுத்தான் வண்டலில் அடங்குகிறது. உலகக் கடல் ஒருமுறை முழுதும் கலங்கிப் புரள ஆயிரம் ஆண்டு போதும். கோலகுபுவின் சேற்றில் 1926இல் வந்த பேரியம் தன் கடற்பயணத்தின் முதல் சில அடிகளில்தான் இன்று இருக்கிறது. ஆந்திராவின் மங்கம்பேட்டையில் சுரங்கம் தோண்டிப் பேரைட்டைத் தூளாக்கி, எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றுக்குக் கனம் சேர்க்கக் கப்பலில் ஏற்றுகிறார்கள். அதில் ஒரு பகுதியும் கடைசியில் கடலடிக்கே போகிறது, குறுக்கு வழியில்.

இப்போது கரைக்குத் திரும்புகிறேன்; எனக்கு முக்கியமானது இங்கேதான் இருக்கிறது. பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டும்போது கால்சியத்துக்குப் பதிலாக நீரிலிருந்து கொஞ்சம் பேரியத்தையும் எடுத்துக்கொள்ளும். நீரில் கூடினால் கூட்டிலும் கூடும். ஆஸ்திரேலியாவின் மால்கம் மெக்கல்லக்கும் உடனாய்வாளர்களும் பெரும்பவளத் திட்டில் ஹவானா திட்டிலிருந்து பழைய பவளம் ஒன்றைத் துளைத்தெடுத்து, அதன் ஆண்டு வளையங்களை லேசரால் வருடி, பேரியத்தை அளந்தார்கள். பதிவு 1750 வாக்கில் தொடங்குகிறது. 1870 வரை அமைதி. அதன்பிறகு பர்டெக்கின் ஆற்றின் ஒவ்வொரு வெள்ளத்தோடும் பேரியம் துள்ளுகிறது. ஐரோப்பியர் வந்து மாடு மேய்க்க ஆரம்பித்த காலம் அது. கடலுக்கு வந்த வண்டல் ஐந்து முதல் பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று 2003இல் எழுதினார்கள். கென்யாவின் மாலிந்தி பவளத்திலும் இதே கதை: 1900 வரை சமநிலை, பிறகு ஏற்றம், 1974க்கும் 1980க்கும் இடையில் உச்சம். நிர்வாக அறிக்கை எழுதியவர்கள் எதை எழுதினார்கள், எதை விட்டார்கள் என்பது பவளத்துக்குத் தெரியாது.

நம் சேற்றுக் கரையில் அப்படிப்பட்ட பவளம் வளராது. ஆனால் கெராங் வளர்கிறது. ஜெராம், கோலசிலாங்கூர்க் கரைகள் அதற்குப் பெயர்போனவை. சார் குவே தியோவில் போடும் அதே சிப்பிதான். 2010இல் நாட்டின் கெராங் உற்பத்தி சுமார் 78,000 டன். சில ஆண்டுகளிலேயே அதில் கால்பங்குக்கும் கீழே விழுந்தது. இந்த மலேசியக் கெராங்கின் ஓட்டை அறுத்துப் பார்த்து, அலையேற்ற இறக்கத்துக்கு ஏற்ப நுண்கோடுகள் பதிவதை ரிச்சர்ட்சன் 1987இலேயே விளக்கியிருக்கிறார். வேறு நாட்டுச் சிப்பிகளில் பேரியத்தை அளந்தவர்கள் ஓர் எச்சரிக்கை தருகிறார்கள்: ஓட்டின் அடிநிலை அளவு நீரைச் சொல்கிறது, அவ்வப்போது எழும் கூர்முனைகள் பாசிப் பெருக்கத்தோடு தொடர்புடையவை, எல்லாவற்றையும் வெள்ளம் என்று வாசித்துவிடக் கூடாது. நியாயமான எச்சரிக்கை. மீனும் உதவும். மெக்கல்லக்கே 2005இல் கொடுவா மீனின் காதெலும்பில் ஸ்ட்ரான்சியத்தையும் பேரியத்தையும் அளந்து, அந்த மீன் எந்த வயதில் ஆற்றில் இருந்தது, எந்த வயதில் கடலுக்குப் போனது என்று சொல்லியிருக்கிறார். கொடுவா என்பது நீங்கள் பாசிர் பெனம்பாங்கில் வாங்கும் சியாக்காப்தான்.

சிக்கல் ஒன்று உண்டு. கெராங் நூறாண்டு வாழாது. ஓரிரண்டு ஆண்டில் சட்டிக்கு வந்துவிடும். ஒரு பவளம் தனியாகச் சொல்வதை இங்கே பல தலைமுறைச் சிப்பிகளை வரிசையாக வைத்துத்தான் சொல்ல வைக்க முடியும். பழைய ஓடுகளைத் தேடப் பழைய ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பு இப்போது இருக்கும் சிங்கப்பூரின் லீ கொங் சியான் அருங்காட்சியகத்தில் கேட்டுப் பார்க்கலாம். அலையாத்திக் காட்டுச் சேற்றில் குழாய் இறக்கி எடுத்த வண்டலை ஈயம்-210 கொண்டு ஆண்டு குறித்தால் நூறாண்டுக்கு மேல் பின்னால் போகலாம்; ரப்பர் காலம் முழுதும் அதற்குள் அடங்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்துவிட்டு அமர்கிறேன். இனி வீட்டில் கெராங் வாங்கினால் பெரிய ஓடுகள் நாலைந்தை வேகவைக்காமல் எடுத்து வையுங்கள். சதையை நீக்கி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சலவைப் பொடியும் சுண்ணாம்பும் வேண்டாம். நிழலில் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். உறையின் மேல் தேதி, எந்தக் கரையில் பிடித்தது, அந்த மாதம் மழை பெய்ததா, மேலே எந்தத் தோட்டத்தில் மறுநடவு நடக்கிறது என்று பென்சிலால் எழுதுங்கள். மை அழிந்துவிடும். ஆற்றுநீர் எடுப்பதானால் ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று என எடுங்கள். பாலத்தடியில் ஒரு புட்டி, கம்போங் குவாந்தான் படகுத்துறையில் ஒரு புட்டி, பாசிர் பெனம்பாங்கில் ஒரு புட்டி. வடிதாளைத் தூக்கி எறிய வேண்டாம். அதையும் உலர்த்தி, அதே எண்ணிட்டு, புட்டியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.